காலி எடை

ராதாபுரம் ரோட்டில் எங்கள் எடைமேடைக்கு
வருசத்துக்கு ஒருதடவை முத்திரை ஆய்வாளர் வருவார்.
இருபது கிலோ படிக்கற்களை ஒவ்வொன்றாய் ஏற்றச் சொல்லி
எண் சரியென்றால் ஈயத்தில் குத்திவிட்டுப் போவார்.
எனக்கு யாரும் முத்திரை குத்தியதில்லை.

ஆனாலும் ஞாயிறு ராத்திரி பன்னிரண்டுக்குள்
முன்பின் தெரியாத மூன்று பேருக்கு
நான் மதிப்பெண் போட்டாக வேண்டும்.
போட்டால்தான்
எனக்கு மூன்று பேர் போட்டது திறக்கும்.
புள்ளியியல் அறிமுகம், ஆறாவது வாரம்.
பதினோராயிரம் பேருக்கு ஒரே பேராசிரியர்,
அவர் வீடியோவில் மட்டும் சிரிப்பார்.

உன்னைச் சுற்றி நடப்பதில் நூறு எண்களை எடு,
படம் வரை, படம் சொல்வதை எழுது.
இவ்வளவுதான் பாடம்.

முதல் ஆள் பேருந்துக்குக் காத்திருந்த நிமிடங்களை வரைந்திருந்தார்.
கோடு சுத்தம். விளக்கம் அதைவிடச் சுத்தம். ஒன்பது.
இரண்டாவது எங்கிருந்தோ அள்ளியது,
ஜல்லிக்குள் கிடக்கும் செங்கல் துண்டு மாதிரி
நடுவில் எழுத்துருவே மாறிக் கிடந்தது. ஒன்று.
மூன்றாவது ஒரு படகின் டீசல் கணக்கு.
வாக்கியங்கள் நொண்டின. அச்சுகளுக்குப் பெயரில்லை.
அடியில் ஒரு வரி:
பிள்ளைக்குக் காய்ச்சல். இது என் மொழியும் இல்லை.

லாரி வந்தால் முதலில் காலி எடை போடுவோம்,
பிறகு பாரத்தோடு. கழித்தால் சரக்கு.
இந்த ஆளின் காலி எடையை யாரிடம் கேட்பது?
கொடுத்திருந்த அட்டவணைப்படி நாலு போட்டேன்.
அனுப்பியபின், ஏழு போட்டிருக்கலாமோ என்று
திரும்பிப் போனேன்.
பூட்டியிருந்தது.

என்னுடையது திறந்தது.
ஒன்பது. ஒன்பது. இரண்டு.
மூன்றில் நடுவே நிற்பதுதான் மதிப்பெண்ணாம்.
ஒன்பது, தேறிவிட்டேன்.
ஆனாலும் அந்த ரெண்டைப் போட்ட சவம் யாரு என்று
வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.
வெளியே படுத்திருந்த கிளீனர் பையன்
"என்னக்கா?" என்றான்.

அருமை, என்றது முதல் ஒன்பது.
நல்ல வண்ணங்கள், என்றது அடுத்தது.
இரண்டு போட்ட ஆள்தான் ஒரு பத்தி எழுதியிருந்தார்.

நூறு லாரிகளில் தொண்ணூற்றாறு
இருபத்தெட்டரை டன்னுக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கின்றன.
மீதி நாலு பாதிப் பாரம்.
மேலே ஒன்றுகூட இல்லை.
கல் இப்படி நடந்துகொள்ளாது. மனிதர்தான் நடந்துகொள்வார்கள்.
படம் சரி. எண்களை எழுதியது யார்?

நான்தான்.

மேடை முப்பத்து நாலு டன் காட்டும்,
சீட்டில் இருபத்தெட்டு நானூற்றி நாற்பது விழும்.
வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே ஞானராஜ் அண்ணாச்சி சொன்னார்:
"ஏ ஜெபக்கனி, இது களியக்காவிளை தாண்டுற சீட்டு.
கொஞ்சம் முன்னப்பின்ன போடு, ஒரே எண்ணா போடாத."
முன்னப்பின்னத்தான் போட்டேன்.
நானூறு, நானூற்றி அறுபது, முந்நூற்றி எண்பது.
மூன்று வருசத்துச் சாமர்த்தியம்.
அதையெல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒரு சுவர்.
அந்தச் சுவருக்கு நானே நீலம் அடித்து
நானே அனுப்பியும் இருக்கிறேன்.

அவர் எந்த ஊரோ.
கல்குவாரி பார்த்திருப்பாரோ மாட்டாரோ.
இரண்டு ஒன்பதுகள் சேர்ந்து அவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டன,
அவருக்கு அது தெரியவும் தெரியாது.

பதினொன்று நாற்பது. எம்-சாண்ட் லோடு ஒன்று
மேடையில் ஏறி நிற்கிறது.
ஆடிக் காற்றில் கடைசி இலக்கம் கொஞ்சம் துள்ளும்.
தூரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு
அணைகிறது, எரிகிறது.
எடைப் பெட்டிக்குள் கோடு சிமிட்டுகிறது,
முதல் இலக்கம் இரண்டா, மூன்றா.

ஷிபு ஹாரன் அடிக்கிறான்.
"பொறுங்க அண்ணே, எடை நிக்கட்டும்" என்கிறேன்.

எடை எப்போதோ நின்றுவிட்டது.